ஊதா மூடி

நவம்பர் கடைசியில் யூஸ்தாட் துறைமுகம்
நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.
நாங்கள் போனது காலை எட்டுக்கு.
சுகாதார நிலையம், இரண்டாம் மாடி,
சீட்டு எண் ஐம்பத்தேழு.
குன்வோர் அதை இரண்டு முறை பார்த்தாள்,
மூன்றாம் முறை என்னிடம் கேட்டாள்.
ஐம்பத்தேழு என்றேன், எரிச்சல் இல்லாமல்.
எரிச்சல் இல்லாமல் இருப்பதைப்
பதினான்கு மாதமாகப் பழகியிருந்தேன்.

ரத்தம் எடுத்த பையன் போஸ்னியாக்காரன், மிர்சாத்.
முழங்கை மடிப்பில் விரலால் தட்டித் தட்டி
பதுங்கிய நரம்பை எழுப்பினான்.
ஊதா மூடிக் குழாய் ஒன்று,
அரைக்கோப்பை காப்பிகூட இராது.
முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி இறக்குவோம்,
இப்போது முதலில் இது, என்றார் டாக்டர்.
மூளையில் படியும் கசடின் சாயல்
ரத்தத்தில் கொஞ்சம் கசிந்து வருமாம்.
எனக்குப் புரிந்தது.
முப்பத்தோரு வருஷம் இந்தத் துறைமுகத்தில்
சேறு அளந்தவன் நான்.
கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கினால்
கண்ணுக்குத் தெரியாத அடி
கைக்குத் தெரியும்.

அந்தப் பதினான்கு மாதத்தில்
இழுப்பறைகளில் அட்டை ஒட்டினேன்:
கரண்டி. மருந்து. சாவி.
அடுப்புக்குத் தானே அணையும் கருவி வாங்கினேன்.
பிப்ரவரியில் என் அண்ணன் ஆல்வாரை அடக்கம் செய்த அன்று
தேவாலயத்தில் அவள் இருக்கை காலி.
பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடித்தேன்,
மடியில் ஒரு பை கம்பளி நூல்.
நோய், என்று சொல்லிக் கைப்பிடித்து அழைத்துவந்தேன்.
கோடை விருந்தில் எல்லோர் முன்னாலும்
நான் கட்டிய படகை மிதக்கும் சவப்பெட்டி என்றாள்.
நோய்.
ஒரு விடியலில், பாதித் தூக்கத்தில்,
என்னை ரூனே என்று கூப்பிட்டாள்.
அவளோடு பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன்.
நோய், நோய்தான்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி.
ஒலிபெருக்கியில் போட்டாள்.
அளவு மிகக் குறைவு, என்றது டாக்டரின் குரல்,
அல்சைமராக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை.
தைராய்டு சோம்பிக் கிடக்கிறது,
பி-பன்னிரண்டு தரை தட்டிவிட்டது,
காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
வயிற்றில் பதினான்கு மாதம் கிடந்த கல்
கரைந்து கண்வழி போயிற்று.
அவள் அழவில்லை.
நேரே சமையலறைக்குப் போய்
அட்டைகளைக் கிழிக்க ஆரம்பித்தாள்.
சாவி மட்டும் பெயிண்ட்டோடு வந்தது.

அழுது முடித்தபின்தான் உறைத்தது.
"அப்படியானால் ஆல்வாரின் அடக்கம்?"

"மறக்கவில்லை. வர மனமில்லை.
நம் கல்யாணத்தன்று அவன் என்னைப் பேசிய பேச்சு
எழுத்துக்கு எழுத்து ஞாபகமிருக்கிறது.
நீயாக மறதி என்றாய்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.
சில நாள் நிஜமாகவே மறந்தேன், டோர்னி,
எது எந்த நாள் என்று எனக்கே தெரியவில்லை.
அதுதான் பயம்."

அந்தக் கடைசி வரியை நான் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை. என் காதில் படகுதான் விழுந்தது.
"அப்போ சவப்பெட்டி?"
"சவப்பெட்டிதான்!"

ஒரு வருஷம் மூட்டை கட்டி வைத்த சண்டை
மேஜைமேல் அவிழ்ந்தது.
கொடுத்த மன்னிப்பையெல்லாம்
ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன்.
பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.
"ஒன்றும் ஞாபகமில்லை என்றுதானே நினைத்தாய்?
சீட்டு எண் ஐம்பத்தேழு! போதுமா?"
முகம் சிவந்து கத்தினாள்.
முழங்கை மடிப்பில் அந்த நீலக் கன்றல்
மஞ்சளாக மாறியிருந்தது.

போர்ன்ஹோம் கப்பல் ஊதியது.
காப்பி ஆறிவிட்டது, வேறு போட்டாள்,
எனக்கும் சேர்த்து.
மருந்து மாத்திரைகளை ஒரு தட்டில் எண்ணி வைத்தாள்.

ரூனே பற்றி நான் இன்னும் கேட்கவில்லை.